சிரட்டைப் பாலுக்கு அப்பால்: பாலிமர் ஆய்வுக்குப் போகிறவர் முன்னுள்ள நான்கு வழிகள்

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்கும் குலசேகரத்துக்கும் இடையே வளர்ந்த பிள்ளைகள், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளைக் குறிக்கும் பாலிமர் என்ற சொல்லைப் பாடநூலில் படிப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பொருளைக் கையால் தொட்டிருப்பார்கள். விடியுமுன் பட்டை கீறிய ரப்பர் மரத்திலிருந்து சிரட்டையில் சொட்டும் பாலை எடுத்து வருவது, தட்டில் ஊற்றிப் பார்மிக் அமிலம் விட்டுக் கட்டியாக்குவது, ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பது, புகைப்புரையில் தொங்கவிடுவது ஆகிய எல்லாமே இங்கே வீட்டு வேலைகள். அப்படிப்பட்ட வீடொன்றில் பிறந்த என் அக்காள் மகள் இந்த ஆண்டு வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். பாலிமர் பொருளாய்வில்தான் மேலே போக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதன் எந்தக் கிளையில் என்பதில்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது.

அவள் முன்னுள்ள வழிகள் நான்கு. கோட்டயத்தையும் கொச்சியையும் மையமாகக் கொண்ட இயற்கை ரப்பர் ஆய்வு முதலாவது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட்டுகளுக்கென வளர்ந்த பாலிமர் வேதியியல் இரண்டாவது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் நடக்கும் மருத்துவப் பாலிமர் ஆய்வு மூன்றாவது. கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலைக்கும் கட்டுமானத்துக்கும் கொண்டுசெல்லும் ஆய்வு நான்காவது. அதற்கு மதுரைப் பக்கம் போக வேண்டும். முதல் வழியை நான் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. “மறுபடியும் ரப்பரா மாமா? அந்த நாத்தத்துல இருந்து வெளிய போகத்தானே படிச்சேன்?” என்றாள். ஷீட் காய்கிற முற்றத்தில் பதினேழு ஆண்டு உறங்கி எழுந்தவளின் கேள்வி அது, நியாயமானதே. ஆயினும் அவளுக்காக நான் எழுதி வைத்த குறிப்புகள் அந்த முதல் வழியின் பக்கமே சாய்ந்தன. ஏன் என்பதை அவளைப் போலவே எல்லையோரத்தில் நின்று யோசிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

உதவித்தொகை, விடுதி, சேர்க்கை விதிகள் ஆகியவை ஆண்டுக்காண்டு மாறுபவை. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒப்பிட விரும்புவது வேறு. ஒரு கிளையில் செய்த பிழை ஆய்வாளருக்குத் தெரியவர எவ்வளவு காலம் ஆகிறது என்பதும், அங்கே கற்றதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போக முடியுமா என்பதுமே என் அளவுகோல்கள். இருபத்திரண்டு வயதில் ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு அறுபது வயதுவரை அதிலேயே இருக்கப்போகிறவர்கள் குறைவு என்பதால், இரண்டாவது அளவுகோலுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

நான்கு கிளைகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே கருத்து. ரப்பர், செல்லுலோஸ் போன்றவை சிறு மூலக்கூறுகளின் திரட்சியே என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், அவை ஆயிரக்கணக்கான அலகுகள் உறுதியான வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள் என்று 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதினார். அந்தக் கருத்துக்கு நோபல் பரிசு வந்து சேர 1953 ஆயிற்று. சங்கிலி நீளமானது என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து எழும் கேள்வி அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது. எங்கே, எத்தனை இடத்தில், எந்த நேரத்தில் பிணைப்பு விழுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவதே இந்தத் துறையில் பாதி வேலை. டயரும் ராக்கெட் எரிபொருளும் இந்த ஒரு விஷயத்தில் பங்காளிகள்.

இயற்கை ரப்பரை முதலில் பார்ப்போம். மரத்திலிருந்து வரும் பாலில் 30 முதல் 40 விழுக்காடுவரை உலர் ரப்பர் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறையின் எதிர்மின்னூட்டம் துளிகளை ஒன்றையொன்று தள்ளி நிற்கச் செய்கிறது. பார்மிக் அமிலம் விழுந்ததும் மின்னூட்டம் தணிந்து துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. நம் வீட்டுத் தட்டில் வெள்ளைக் கட்டி உருவாவது இப்படித்தான். அதற்கு மாறாக அம்மோனியா விட்டால் பால் பாலாகவே நிற்கும். மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டி, கையுறை செய்கிற ஆலைகளுக்கு அனுப்பலாம். கூழ்மநிலை வேதியியலில் ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டிய பாடத்தை நம் ஊரில் அமிலப் புட்டியோடு நிற்கும் பாட்டிகள் தினந்தோறும் செய்துகாட்டுகிறார்கள்.

வேதியியல்படி இந்த ரப்பர், ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறின் அலகுகள் சிஸ் அமைப்பில் (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகச் சங்கிலி தொடரும்படி) கோக்கப்பட்ட சங்கிலி. அதே ஐசோப்ரீனைப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்து, அதே சிஸ் அமைப்பில் ஆலையில் கோக்கவும் மனிதர் கற்றுக்கொண்டுவிட்டனர். அப்படியிருந்தும் மரம் தருவதற்கு ஆலை தருவது முழுச் சமமாகவில்லை. இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் சங்கிலிகள் வரிசைப்பட்டு, இழுபடும் இடத்திலேயே படிகமாகி, கிழிசல் மேலே ஓடாமல் தடுக்கின்றன. இழுப்பை விட்டதும் படிகம் கரைந்து பழையபடி சுருங்குகிறது. இந்தக் குணத்தில் மரத்து ரப்பர் முந்துவதற்கு அதிலுள்ள ஒழுங்கான அமைப்பும், சங்கிலிகளோடு கூட வரும் சிறிதளவு புரதமும் கொழுப்பும் காரணமாகக் கருதப்படுகின்றன. விமானம் தரையைத் தொடும் கணத்தில் டயருக்கு ஏற்படும் அடியையும் சூட்டையும் தாங்க இன்றும் இயற்கை ரப்பரையே பெரும்பாலும் நம்புகிறார்கள். லாரி டயர், பாலத்துத் தூணுக்கும் தளத்துக்கும் நடுவே வைக்கும் தாங்கித் திண்டு, நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடாமல் இருக்க அடித்தளத்தில் வைக்கும் அடுக்குத் திண்டு ஆகியவற்றிலும் அதற்கு இடம் உண்டு.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் ஓசோனும் வெயிலும் அதை எளிதில் அரிக்கின்றன. எண்ணெய் பட்டால் ஊறுகிறது. சங்கிலிகளைப் பிணைக்கக் கந்தகமிட்டுச் சூடாக்கும்போது அளவுக்கு மேல் நேரம் போனால் விழுந்த பிணைப்புகளே அறுந்து மறுபடியும் இளகிவிடுகிறது. 1990களில் மருத்துவமனைகளில் ரப்பர்ப் பாலின் புரதத்தால் ஒவ்வாமை பரவலாகக் கண்டறியப்பட்டது. மாவு தூவிய கையுறைகளை அமெரிக்க அரசு 2017இல் தடைசெய்தது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த கையுறை அந்த இடத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. குறைகள் இத்தனை இருப்பதாலேயே இங்கு ஆய்வுக்கு வேலை இருக்கிறது. புரதம் நீக்கிய ரப்பர், எபாக்சி தொகுதி ஏற்றி எண்ணெயைத் தாங்க வைத்த ரப்பர் என்று ஒவ்வொரு குறையும் ஓர் ஆய்வுக் கிளையைப் பெற்றிருக்கிறது.

கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் 1955இலிருந்து இயங்குகிறது. நம் தோட்டங்களில் பரவலாக நிற்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகம் அங்கே பிறந்ததுதான். ஆனால் புதிய மர ரகமொன்றை ஒட்டிப் பார்த்து, நட்டு, வெட்டி, விளைச்சலை அளந்து வெளியிட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது தாவரவியலாளரின் பொறுமை, வேதியியல் படித்தவளுக்கு அந்தப் பக்கம் வேலை குறைவு. அவளுக்குரியது கலவையும் பதப்படுத்தலும். அதற்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1971இல் தொடங்கிய பாலிமர் அறிவியல், ரப்பர் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. சென்னைக் குரோம்பேட்டையிலும் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் தடையாக இருப்பதில்லை என்பதாலும், டயரைவிடப் பால்சார்ந்த பொருள்களின் பக்கம் அவளுக்கு ஈர்ப்பு இருப்பதாலும் நான் கொச்சியைச் சொல்கிறேன்.

இந்த வழியின் பெரிய நன்மை, பிழை உடனே தெரிவது. கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், கரித்தூள், பிணைப்பை விரைவாக்கும் முடுக்கி ஆகியவற்றை இரட்டை உருளையில் ரப்பரோடு அரைத்து, ஒரு துண்டை வெட்டி ரியோமீட்டரில் வைத்தால், இருபது, முப்பது நிமிடத்தில் அதன் இறுக்கம் எப்படி ஏறுகிறது என்ற வளைகோடு கையில் வந்துவிடும். மறுநாள் இழுத்துப் பார்க்கலாம். 70 செல்சியஸ் அடுப்பில் ஏழு நாள் வைத்து முதுமையைப் பார்க்கலாம். ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ரப்பர்க் கலவை செய்யும் சிறு தொழிற்கூடமொன்றில் நான் வேலை பார்த்தேன். கோடைநாள் ஒன்றில், உருளைக்குத் தண்ணீர் விடும் குழாய் அடைத்திருந்ததைக் கவனிக்காமல் முடுக்கியைச் சேர்த்துவிட்டோம். அச்சில் போட வேண்டிய கலவை உருளையிலேயே கருகல் பிடித்து, புளித்துப்போன இட்லி மாவில் கட்டி தட்டியதுபோல் உதிர்ந்தது. ஒரு தொகுதி முழுவதும் வீண். அன்று மேலாளர் திட்டியதைவிட, பிணைப்பு தன் நேரத்துக்கு முன்னால் விழுந்தால் அதைத் திருப்பி எடுக்கவே முடியாது என்று கண்ணால் பார்த்தது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. பிழைக்கும் பாடத்துக்கும் நடுவே அரைமணி நேரமே இருந்தது. பயிற்சிக்கு வருகிற ஒருவருக்கு இதைவிடச் சிறந்த ஆசான் கிடையாது என்பது என் கருத்து.

இனித் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அது வெளிநாட்டிலிருந்து வந்த ராக்கெட். அதன்பின் சொந்தமாகத் திண்ம எரிபொருள் செய்யப் புறப்பட்டவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு நல்ல பாலிமர். திண்ம எரிபொருள் என்பது பெரும்பகுதி அம்மோனியம் பெர்குளோரேட் தூளும் அலுமினியத் தூளும். எடையில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கே பாலிமர். அந்தச் சிறு பங்குதான் தூள் முழுவதையும் பிடித்து, ரப்பர்போல் நெகிழும் ஒரே கட்டியாக நிறுத்துகிறது. தானும் எரிபொருளாக எரிகிறது. இந்தப் பணிக்குத் தும்பாவிலுள்ள இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் பல பிணைப்பான்களை உருவாக்கினர். அவற்றுள் ஆமணக்கெண்ணெயிலிருந்து வந்த இஸ்ரோ பாலியால் என்பதும் ஒன்று. பின்னர் ஹெச்.டி.பி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், முனைகளில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட பாலிபியூட்டடையீன் நிலைத்தது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளான பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்தில் சுமார் 138 டன், எல்.வி.எம்.3இன் இரு பக்க மோட்டார்களில் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் என்று எரிகின்ற கட்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பாலிமர்தான்.

ஹெச்.டி.பி.பி. தேன்போல் பாயும் திரவமாக வரும். தூளைக் கலந்து, ஐசோசயனேட் சேர்த்தால், ஹைட்ராக்சில் முனைகளும் ஐசோசயனேட்டும் சேர்ந்து யூரித்தேன் பிணைப்புகள் விழுந்து இறுகத் தொடங்கும். இறுகி முடிவதற்குள் மோட்டார்க் கூட்டில் வார்த்தாக வேண்டும். பிணைப்பு விழத் தொடங்குமுன் கிடைக்கும் நேரத்தை ரப்பர்க் கூடத்தில் கருகல் நேரம் என்கிறோம். இங்கே அதுவே வார்ப்புக்குக் கிடைக்கும் அவகாசம். காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் ஐசோசயனேட் அதோடு வினைபுரிந்து கரியமிலவாயுவை விடும். கட்டிக்குள் குமிழ் விழும். தும்பாவோ கடற்கரை. எரிபொருள் கட்டிக்குள் ஒரு குமிழோ வெடிப்போ இருந்தால் எரியும் பரப்பு அங்கே திடீரென்று கூடும், அழுத்தம் கூடும், கூடு தாங்காமல் போகலாம். ஆகவே அறையின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதிலிருந்து, வார்த்த கட்டியை ஊடுகதிர் கொண்டு பார்ப்பதுவரை எல்லாவற்றிலும் இந்தப் பயம் ஓடுகிறது.

எரிபொருளோடு இந்தக் கிளை முடிவதில்லை. பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாங்கட்ட மோட்டாரின் கூடு அராமிட் என்னும் வலிய இழையை எபாக்சிப் பிசினில் நனைத்துச் சுற்றியது. வெந்து கருகித் தன்னை இழந்தபடியே உள்ளிருப்பதைக் காக்கும் பினாலிக் கூட்டுப்பொருள்கள், சூடான வாயு வெளியேறும் முனைக்குழல்களில் இருக்கின்றன. ரப்பரின் மதிப்பை விண்வெளிக்காரர்கள் ஒரு துயரத்தின் வழியே அறிந்தார்கள். 1986 ஜனவரி 28 காலையில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பியபோது வெப்பநிலை சுமார் 2 செல்சியஸ். அந்தக் குளிரில் திண்ம மோட்டாரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் விறைத்து, இடைவெளியை உடனே நிரப்ப முடியாமல் போனது. 73ஆம் வினாடியில் ஏழு பேரோடு எல்லாம் முடிந்தது. விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, கவ்வியை விட்டபின்னும் அது உடனே பழைய வடிவுக்கு வராததை எல்லோர் முன்னும் காட்டினார். ரப்பர்க் கூடத்தில் முதலாண்டு மாணவர் செய்யும் சோதனைக்கு அது மிக நெருங்கியது.

இந்த வழியைக் குறைத்து மதிக்க எவருக்கும் மனம் வராது. குழித்துறையிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதே என் அக்காளுக்குப் போதுமான காரணம். எனக்குள்ள தயக்கம் வேறிடத்தில். அங்கே நுழைவது போட்டித் தேர்வைப் பொறுத்தது. நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. நுழைந்தபின் எந்தப் பாலிமரில் வேலை என்பதைத் திட்டம் தீர்மானிக்கும். எரிபொருள் சார்ந்த பல முடிவுகளை வெளியே எழுதவோ பேசவோ இயலாது என்பதால், வேறிடத்துக்குப் போகும்போது கையில் காட்ட எடுத்துப் போகக்கூடியதும் குறைவு. பிழை தெரியவரும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டு உழைப்புக்குப் பின், முதற்கட்டம் இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும்; தீர்ப்பு அந்த இரண்டு நிமிடத்தில். அதுவரை சிறு மாதிரிகளையும் கணக்குகளையும் நம்பியே இருக்க வேண்டும். ஏற்கனவே கைப்பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய இடம். பழகிக்கொள்ள வருகிறவருக்கு அத்தனை எளிதாக இராது.

மூன்றாவது வழியே எனக்கு மனத்தளவில் மிகவும் பிடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் இருக்கிறது. மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. கோபால்ட் உலோகக்கலவைக் கூடு, பாலியெஸ்டர் துணி வளையம், நடுவே சாய்ந்து திறக்கும் தட்டு. இந்தத் தட்டுக்கான பொருளைக் கண்டுபிடிப்பதற்குள் பல மாதிரிகள் தோற்றன. கடினத்துக்குப் பேர்போன நீலமணிப் படிகத்தில் செய்த தட்டும் விலங்குச் சோதனையில் உடைந்துபோனது. கடைசியில் வென்றது மிகையுயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎதிலீன். கடைத்தெருவில் மீன் வாங்கும் பையும் அதே பாலிஎதிலீன் குடும்பம்தான். சங்கிலியின் நீளம் மட்டும் பல மடங்கு. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் முறை அந்தத் தட்டு உலோகத்தில் மோதுகிறது. நீலமணி தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் நின்றது என்பதை நான் பள்ளியில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அதே நிறுவனம் ரத்தப் பைக்கான தொழில்நுட்பத்தையும் 1980களில் உருவாக்கித் தொழிற்சாலைக்கு அளித்தது. அந்தப் பையின் கதை பாலிமர் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது. பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பானது, அதை மென்மையாக்க எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாலேட் வகை நெகிழ்விப்பி சேர்க்கிறார்கள். அது சங்கிலியோடு பிணையாமல் நடுவில் புகுந்து நிற்பதால் மெல்லக் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. உடலுக்கு ஆகாது என்று அதை நீக்கப் பார்த்தால் வேறொரு சிக்கல் வந்தது: கசிந்த அந்தப் பொருளே சிவப்பணுவின் சவ்வில் போய் உட்கார்ந்து, பை கிடங்கில் இருக்கும் 42 நாள்வரை அணு சிதையாமல் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே மாற்றுத் தேடுகிறவர் மென்மையை மட்டும் பார்த்தால் போதாது. அணுவின் ஆயுளையும் பார்த்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட சிக்கல்களே இந்தக் கிளையின் அழகு, சிரமமும் அவையே. எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். உராய்வு மிகக் குறைந்த பொருள் என்பதால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். சுமார் முந்நூறு பேருக்குப் பொருத்தியபின், சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, தேய்ந்த துகள்களால் திசுக்கள் வீங்கின. 1962இல் அவர் பாலிஎதிலீனுக்கு மாறியபின்தான் அந்த அறுவை உலகெங்கும் நிலைத்தது. பிழைக்கும் பாடத்துக்கும் நடுவே இங்கே ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளை நோயாளி தன் உடலால் கடக்கிறார். இந்தக் காரணத்தால் செல் சோதனை, ரத்தச் சோதனை, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை என்று படிகள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஆவணங்கள் மலைபோல் சேர்கின்றன. அவற்றை வெறும் காகித வேலை என்று நினைப்பவர் அங்கே போகவே கூடாது. முனைவர் பட்டத்துக்குப் போகும் ஐந்தாறு ஆண்டுகளில் ஒருவர் தன் பொருள் ஒரு நோயாளியைச் சென்றடைவதைக் காண்பது அரிது என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நான்காவது வழியைப் பற்றி நீண்டு எழுத எனக்கு மனமில்லை, காரணத்தையும் சொல்கிறேன். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்கப் பார்க்காமல், சுமார் 160, 170 செல்சியஸில் சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவி, உருகிப் படியவைத்து, அதன்மேல் தார் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பாலிஎதிலீன் தாரோடு கலந்து நிற்காமல் பிரிந்து மிதக்கும் என்ற பழைய தொல்லையை இந்த வரிசை மாற்றம் ஒன்றே தீர்த்துவிட்டது. இந்தியச் சாலைப் பேராயம் 2013இல் இதற்கு வழிகாட்டு நூலே வெளியிட்டிருக்கிறது. பி.வி.சி. மட்டும் உள்ளே வரக் கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு விடும். எளிமையும் பயனும் நிறைந்த வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்போது அங்கே எஞ்சியுள்ள பெரிய சிக்கல்கள் கழிவைத் தரம் பிரிப்பதும், ஒப்பந்தக்காரர் விதிப்படி தூவுகிறாரா என்று பார்ப்பதும், தேயும் சாலையிலிருந்து நுண்துகள் எங்கே போகிறது என்பதும். அவற்றில் முதல் இரண்டும் நிர்வாகம், மூன்றாவது சூழலியல். சங்கிலிகளின் வேதியியலில் ஆர்வம் கொண்ட ஒருத்திக்கு அங்கே பசி அடங்காது. அரசியலிலும் ஊராட்சியிலும் ஆர்வம் உள்ள ஒரு கட்டுமானப் பொறியாளர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பத்தி நான்கு மடங்கு நீண்டிருக்கும். கழிவு பிரிக்கும் பழக்கத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே அது வேண்டாம்.

ஆக, உண்மையில் தராசில் இருப்பவை மூன்று. அவற்றுக்கிடையே எனக்குத் தெரிகிற பெரிய வேறுபாடு, நகர்ந்து செல்லும் வாய்ப்பு எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்பது. கலவைக் கூடத்தில் இரண்டு ஆண்டு இருந்தவருக்குப் பிணைப்பின் நேரத்தைக் கட்டுப்படுத்துவது கைவழக்கமாகிவிடும். நிரப்புத்தூள் சங்கிலியோடு ஒட்டுகிறதா, தனியே நிற்கிறதா என்பதை வளைகோட்டைப் பார்த்தே சொல்லத் தெரியும். அந்த அறிவோடு தும்பாவின் தேர்வறைக்குப் போனால், எண்பத்தைந்து விழுக்காடு தூள் நிரம்பிய ஹெச்.டி.பி.பி. அவருக்கு அந்நியப் பொருளாகத் தோன்றாது. பூஜப்புரைக்குப் போனாலும் அப்படியே. கையுறைப் புரதத்தையும் முடுக்கி எச்சத்தையும் கழுவி நீக்கும் ஆய்வு செய்தவர், பொருளிலிருந்து உடலுக்குள் எது கசிகிறது என்ற கேள்விக்குப் பாதி தயாராகவே போகிறார். எதிர்த்திசையில் வருவது இத்தனை எளிதன்று. எரிபொருளில் தொடங்கியவர் வெளியே வரும்போது சொல்ல முடியாதவை அதிகம். வால்வில் தொடங்கியவர் ஒரே பொருளின் ஒரே குணத்தில் ஐந்தாண்டு ஆழ்ந்திருப்பார்.

இதற்கு எதிராக அவள் சொன்ன வாதத்தையும் பதிவுசெய்ய வேண்டும். ரப்பர் விலை கோட்டயத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தொழில் ஆடுகிறது. ஆய்வுப் பணமும் அதோடு ஆடும் என்றாள். அவள் அப்பா விலை விழுந்த ஆண்டுகளில் வெட்டுக்கூலி கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கவலைக்கு முழு விடை என்னிடம் இல்லை. ரப்பர் தொழில்நுட்பம் படித்தவர்கள் இயற்கை ரப்பரை மட்டும் நம்பி வாழ்வதில்லை, சிலிக்கோன், நைட்ரைல், ஈ.பி.டி.எம். போன்ற செயற்கை ரப்பர்களும் அதே உருளையில்தான் அரைபடுகின்றன என்று மட்டும் சொன்னேன். குக்கர் வளையம் செய்கிறவரும் கார்க் கதவின் விளிம்புப் பட்டை செய்கிறவரும் தேடுவது அந்தக் கைப்பழக்கத்தையே. பொறுமையும் எழுத்துவேலையில் ஒழுங்கும் அவளுக்கு இயல்பாகவே அதிகம் என்பதால், கொச்சியில் இடம் கிடைக்காமல் போனால் நேரே பூஜப்புரைக்கு முயல்வதில் எனக்கு மறுப்பில்லை. தும்பாவின் அறிவிப்பு வரும்போது தேர்வை எழுதிவைப்பதிலும் நட்டமில்லை.

ஒரு வாரம் கழித்து விண்ணப்பத்தைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அங்கே திட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கச் சொன்னால், டயர்ப் பக்கம் போகாமல், பாலிலிருந்து புரதத்தை நீக்கியபின் படலத்தின் வலிமை எவ்வளவு குறைகிறது, அதை எப்படி மீட்கலாம் என்ற பக்கம் போகச் சொல்லியிருக்கிறேன். பூஜப்புரைக் கதவு அதனால் திறந்தே இருக்கும். சோதனைக்கு வேண்டிய பாலை அவள் அப்பாவின் தோட்டத்திலிருந்தே இரண்டு லிட்டர் எடுத்துப் போகலாம். எந்த மரம், என்ன ரகம், எந்த மாதத்து வெட்டு என்பதெல்லாம் தெரிந்த பால் ஆய்வகங்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கேனில் ஊற்றியதும் அம்மோனியா விட மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் ரயில் எர்ணாகுளம் சேர்வதற்குள் உள்ளே ஒரே கட்டி. பிறகு அந்தக் கேனை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.